குறை காட்டும் தோழமை

ஒரு பொருளைத் தன் கையால் செய்தவனுக்கு அப்பொருளின் குறை எளிதில் புலப்படுவதில்லை. இதற்கு அவனுடைய அறியாமை காரணம் அன்று. செருக்கும் காரணம் அன்று. அவன் கண்முன் ஒரு பொருள் இருக்கிறது. அவன் உள்ளத்தில் வேறொரு பொருள் இருக்கிறது. கண்முன் இருப்பது நிறைவற்றது. உள்ளத்தில் இருப்பது நிறைவானது. அவன் நோக்கும்போதெல்லாம் உள்ளத்துப் பொருள் கண்முன் உள்ள பொருளின்மேல் படிந்து, அதன் குறைகளை மறைத்துவிடுகிறது. எழுதியவன் பத்து முறை படித்தும் காணாத எழுத்துப் பிழையை அருகில் இருப்பவன் ஒரே நோக்கில் கண்டுவிடுவதை நாம் அறிவோம். அருகில் இருப்பவன் அறிவால் மிக்கவன் என்பதில்லை. மறைக்கும் பொருள் ஒன்றும் அவன் உள்ளத்தில் இல்லை, அவ்வளவே.

ஆகவே, செய்பவனுக்கு மற்றொருவர் கண்ணின் துணை வேண்டும். அத்துணையை ஆசிரியர் ஒருவரிடமே எதிர்பார்ப்பது நம் வழக்கம். உடன் பயிலும் தோழரின் சொல்லை நாம் பெரிதாக மதிப்பதில்லை. "அவனும் என்னைப் போன்ற மாணவன்தானே? அவனுக்கு என்ன தெரியும்?" என்று ஒதுக்கிவிடுகிறோம். இவ்வெண்ணம் பொருந்தாது என்பது என் கருத்து. தோழனுக்குக் கண் உண்டு; கண்டதைச் சொல்ல வாய் உண்டு. இவ்விரண்டையும் முறையாகப் பயன்படுத்துவானாயின், அவன் செய்யும் உதவி சிறிதன்று. இதனை ஒரு பொறியின் வாயிலாக விளக்க முற்படுவோம்.

அமெரிக்க நாட்டில், திரைப்படங்களுக்காக உயிருள்ளவை போல அசையும் பொறி விலங்குகளைச் செய்யும் கலை நன்கு வளர்ந்துள்ளது. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' என்னும் படத்தில் தோன்றிய முழு உருவ டைனோசர், ஸ்டான் வின்ஸ்டன் என்பவரின் பட்டறையில் உருவானதாகும். இக்கலையைப் பயில்வோர் செய்து பழகும் பொறிகளுள் ஒன்று கணவாயின் கை. கடலில் வாழும் கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் எலும்பில்லாத நீண்ட கைகள் உண்டு. அவை வளையும், நெளியும், சுருளும், இரையை இறுகப் பற்றும். அத்தகைய கையொன்றைக் கம்பியாலும் தகட்டாலும் ரப்பராலும் அமைத்து, உயிருள்ளது என்று காண்போர் மயங்கும்படி அசையச் செய்வதே அப்பயிற்சி. அதனைப் பொறிக்கை என்று அழைப்போம்.

பொறிக்கையின் அமைப்பு எளியது. நடுவில் வளையக்கூடிய தண்டு ஒன்று இருக்கும். சுருள்வில்லோ, பருத்த முறுக்குக் கம்பியோ அத்தண்டாக அமையும். அதில் வட்டத் தகடுகள் இடைவெளிவிட்டுக் கோக்கப்படும். அடியில் உள்ள தகடு பெரியது. நுனியை நோக்கிச் செல்லச் செல்லத் தகடுகள் சிறுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் நான்கு திசைகளில் நான்கு துளைகள் உண்டு. அவற்றின் வழியே மெல்லிய இழுகம்பிகள் நான்கு சென்று கடைசித் தகட்டில் முடியும். ஒரு கம்பியை இழுத்தால் கை அப்பக்கம் வளையும். எதிர்ப்பக்கக் கம்பி நெகிழ்ந்து கொடுக்கும். இந்நான்கு கம்பிகள் மட்டும் இருப்பின், கை வில்லைப் போல ஒரே வளைவாகவே வளையும். கையின் நடுவில் முடியும் நான்கு கம்பிகளும், நுனியில் முடியும் நான்கு கம்பிகளுமாக எட்டுக் கம்பிகள் அமைந்தால், அடிப்பாதி ஒரு புறமும் நுனிப்பாதி மறு புறமும் வளைந்து கை பாம்பைப் போல நெளியும். நுனிக்குச் செல்லும் கம்பிகள், மிதிவண்டியின் பிரேக் கம்பியைப் போல உறைக்குள் ஓடும்; இன்றேல், ஒன்றன் இழுப்பு மற்றொன்றன் இயக்கத்தைக் கெடுக்கும். கம்பிகளைக் கைப்பிடி கொண்டு மனிதர் இழுக்கலாம். மோட்டாரைக் கொண்டும் இழுக்கலாம். இவற்றின் மேல் ரப்பர்த் தோலைப் போர்த்திவிட்டால் பொறிக்கை முடிந்தது.

பொறி முடிந்தது; உயிர் வந்ததா? அதுவே வினா. உயிருள்ள கையின் இயல்பு வேறு. பேய்க்கணவாயின் கை, யானையின் துதிக்கை, மனிதனின் நாக்கு ஆகிய மூன்றிலும் எலும்பு இல்லை. தசைக்குத் தசையே தாங்கலாக நிற்கிறது. வில்லியம் கியர், கேத்லீன் ஸ்மித் என்னும் அறிஞர் இருவர் 1985ஆம் ஆண்டில் இவ்வுறுப்புகளை ஓரினமாக வைத்து ஆராய்ந்து விளக்கினர். அத்தசையின் கனஅளவு மாறுவதில்லை, ஆதலால் நீளும்போது மெலியும், குறுகும்போது பருக்கும். மேலும், பேய்க்கணவாய்க்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உண்டு. அவற்றுள் பெரும்பகுதி தலையில் இல்லை, கைகளிலேயே இருக்கின்றது. இரையை எட்டிப் பிடிக்க அது கையை நீட்டும்போது, கையில் தோன்றும் வளைவு அடியிலிருந்து நுனியை நோக்கி அலைபோல ஓடுகிறது. மூளையின் தொடர்பு அறுந்த கையும், தூண்டப்பட்டால் அவ்வாறே நீளும் என்பதை இஸ்ரேல், இத்தாலி நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டினர். இத்துணை நுட்பங்களையும் எட்டுக் கம்பிகளைக் கொண்டு காட்டுதல் எளிதாகுமா? முதல் முயற்சியில் குறை இருந்தே தீரும். குறை இருப்பது இழிவன்று. முன்மாதிரி என்பது குறையைக் காண்பதற்காகவே செய்யப்படுவதாகும்.

மாணவன் ஒருவன் தான் செய்த பொறிக்கையை உடன் பயில்வோர் முன்னிலையில் வைத்து இயக்கிக் காட்டுகிறான் என்று கொள்வோம். புலவன் தன் நூலை அவையில் அரங்கேற்றுவது போன்றதே அது. அவையோர் பலவாறு பேசுவர்.

ஒருவன், "அருமை! மிக நன்று!" என்கிறான். இரண்டாமவன், "இதில் உயிர் இல்லை" என்கிறான். மூன்றாமவன், "இதைச் செய்ததற்கு மாறாக, ஐந்து விரல் கொண்ட மனிதக் கையைச் செய்திருக்கலாம்" என்கிறான். நான்காமவன், "மோட்டாரைப் பெரிதாக்கு, கம்பிகளை எல்லாம் மாற்று" என்கிறான். ஐந்தாமவன் சற்று எண்ணிப் பார்த்துப் பின்வருமாறு கூறுகிறான்: "அடியும் நுனியும் ஒரே நொடியில் அசையத் தொடங்கின, ஒரே நொடியில் நின்றன. இடப்புறம் வளையும்போது கை பாதி வழியில் ஒரு முறை திக்கி நின்று, பின்னர்த் துள்ளியது. மிகுதியாக வளைந்த இடத்தில் தகடுகளின் விளிம்பு, விலா எலும்பு தெரிவதைப் போலத் தோலின்மேல் தெரிந்தது."

இவ்வைவருள் உண்மையான தோழன் யார்?

முதலாமவன் இனியவன், ஆயினும் அவன் சொல்லால் பொறிக்கையில் ஒரு திருகாணியும் மாறப்போவதில்லை. எது நன்று என்பதையேனும் அவன் சுட்டியிருந்தால் பயன் விளைந்திருக்கும். நுனி சுருண்ட அழகு நன்று என்றிருந்தால், செய்தவன் மறுமுறை அதனைக் கெடுக்காமல் காத்திருப்பான். இரண்டாமவன் கூறியது உண்மையே. ஆனால் அஃது உதவாத உண்மை. உயிர் இல்லை என்பது செய்தவனுக்கும் உள்ளூரத் தெரியும். எங்கே இல்லை, எப்பொழுது இல்லை என்பதன்றோ அவனுக்கு வேண்டும்? மூன்றாமவன் பொறிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை. தன் விருப்பத்தைப் பற்றியே பேசினான். பிறன் வயலில் தன் விதையை விதைக்க முயல்பவன் அவன்.

நான்காமவன் கூறியது அறிவுரை போலத் தோன்றும். ஆனால் அதிலே ஓர் இடர் மறைந்திருக்கிறது. அவன் எதையோ கண்டான். கண்டதைச் சொல்லாமல், அதற்குத் தான் எண்ணிய மருந்தை மட்டும் சொன்னான். நோயைக் கூறாமல் மருந்தைக் கூறினால், அம்மருந்து பொருந்துமா பொருந்தாதா என்று ஆராய்வது எங்ஙனம்?

ஐந்தாமவன் மருந்து ஒன்றும் கூறவில்லை. தான் கண்ட மூன்றினை மட்டும் கூறினான். அம்மூன்றும் செய்தவனுக்குத் திறந்த மூன்று வாயில்கள். அடியும் நுனியும் ஒருங்கே அசைந்தது ஏன்? இரு தொகுதிக் கம்பிகளையும் ஒரே சமயத்தில் இழுத்ததனால் இருக்கலாம். அடிக்கம்பியை முதலில் இழுத்து, நுனிக்கம்பியைச் சற்றுப் பின்னர் இழுத்துப் பழகினால், அசைவு அடியிலிருந்து நுனிக்கு ஓடுவது போலத் தோன்றும். அவ்வாறாயின் குறை பொறியில் இல்லை. இயக்கிய கையில் உள்ளது. பாதி வழியில் திக்கியது ஏன்? உறை எங்கேனும் கூர்மையாக வளைந்து கம்பியை உராயலாம். துளையின் விளிம்பு அராவப்படாமல் இருக்கலாம். தகடுகள் தெரிந்தது ஏன்? அவற்றின் இடைவெளி மிகுந்திருக்கலாம். தோல் மெல்லியதாக இருக்கலாம். இடையில் ஒரு பஞ்சு ரப்பர் அடுக்கு வேண்டியிருக்கலாம். கண்ட காட்சி ஒன்று. அதன் காரணங்கள் பல. எது உண்மைக் காரணம் என்பதைப் பொறியைப் பிரித்துச் சோதிக்கவல்லவன் செய்தவனே. மோட்டாரைப் பெரிதாக்கு என்ற நான்காமவன் சொல்லைக் கேட்டிருந்தால், உராயும் கம்பியை இன்னும் வலிந்து இழுத்து அறுத்திருப்பான்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய நெறி ஒன்று உண்டு. தோழன் சாட்சி, நடுவன் அல்லன். என்ன கண்டான் என்பதில் அவன் சொல்லே முடிவு. தகடு தெரிந்தது என்று அவன் கூறினால், தெரியவில்லை என்று மறுக்க எவர்க்கும் உரிமையில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அதனை எவ்வாறு நீக்குவது என்பதில் செய்தவன் ஆராய்ச்சியே முடிவு. இவ்விரு எல்லைகளும் கலந்துவிடும்போதுதான் உரையாடல் பூசலாகிறது. சாட்சி நடுவனாக முற்படுகிறான். செய்தவனோ சாட்சியையே பொய்யன் என்கிறான்.

திரைப்பட வரலாற்றில் இதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய 'கடலடியில் 20,000 லீக்' என்னும் கதையை வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் திரைப்படமாக வெளியிட்டது. ரிச்சர்டு ஃபிளைஷர் அதனை இயக்கினார். நீர்மூழ்கிக் கப்பலை மாபெரும் கணவாய் ஒன்று தாக்கும் காட்சி அப்படத்தில் உண்டு. அமைதியான கடலில், செவ்வானம் தோன்றும் மாலைப்பொழுதில் அது நிகழ்வதாக அமைத்து முதலில் படம் பிடித்தனர். கைகளை இயக்கிய கம்பிகள் வெளிப்படையாகத் தெரிந்தன. கணவாயின் உடல் நீரை உறிஞ்சிக் கனத்தது. அச்சம் தரவேண்டிய காட்சி நகைப்புக்கு இடமாயிற்று.

பொறியைத் திருத்தினர், அதனோடு அமையாது, காட்சியையே மாற்றினர். மாலையை இரவாக்கினர், அமைதியான கடலைப் புயல் வீசும் கடலாக்கினர். அலையும் காற்றும் நீர்த்திவலையும் இருளும் சேர்ந்து கம்பிகளை மறைத்தன. மீண்டும் படம் பிடிப்பதற்குப் பெரும்பொருள் செலவாயிற்று. ஆயினும் அக்காட்சி இன்றும் போற்றப்படுகிறது. சிறப்புக் காட்சி அமைப்புக்கான ஆஸ்கார் பரிசும் அப்படத்திற்குக் கிடைத்தது. இங்கே கருத வேண்டுவது ஒன்று. கம்பி தெரிகிறது என்ற சாட்சி முற்றிலும் உண்மை. ஆனால் அதற்குக் கிடைத்த சிறந்த மருந்து கம்பியிலே இல்லை. இருளிலும் புயலிலும் இருந்தது. கம்பியை மெல்லியதாக்கு என்று மட்டும் ஆணையிட்டு நின்றிருந்தால், அம்மருந்து புலப்பட்டிருக்குமா?

இந்நிகழ்ச்சி மற்றொன்றையும் கற்பிக்கிறது. குறையைக் காலத்தில் கேட்பவனுக்குச் செலவு குறைவு. அதே டிஸ்னி நிறுவனத்தில், 1930களில் படம் வரைவோர் தம் பென்சில் கோட்டுப் படங்களை ஓடவிட்டுப் பார்க்கும் சிற்றறை ஒன்று இருந்தது. புழுக்கம் மிகுந்த அவ்வறைக்கு 'வியர்வைப் பெட்டி' என்று பெயரிட்டிருந்தனர். மைதீட்டி வண்ணம் பூசுவதற்கு முன்னரே, கோட்டு நிலையிலேயே குறைகளைக் கேட்டுத் திருத்தினர். பென்சில் கோட்டை அழிப்பது எளிது. பொறிக்கைக்கும் இது பொருந்தும். தோல் போர்த்துமுன் தோழரை அழைப்பவன் ஒரு கம்பியை மாற்றினால் போதும். தோல் போர்த்தி, வண்ணம் பூசி, விழா நாளன்று அழைப்பவன் அனைத்தையும் கிழிக்க வேண்டிவரும்.

சாட்சி கூறுவோர்க்குக் கடமை இருப்பது போலவே, கேட்பவனுக்கும் கடமை உண்டு. முதற்கடமை வாய் மூடிக் கேட்டல். ஒருவன் குறை கூறத் தொடங்கியவுடனே, "அது ஏனென்றால்..." என்று விளக்கம் கூற விரைதல் மனித இயல்பு. பொறிக்கை திரையில் தோன்றும்போது, செய்தவன் அருகில் நின்று விளக்கம் கூற இயலுமா? பொறியே பேச வேண்டும். அது பேசாததை அவன் பேசிப் பயனில்லை. இரண்டாவது கடமை, கேட்டதைக் குறித்து வைத்தல். மூவர் வெவ்வேறு சொற்களால் ஒரே இடத்தைச் சுட்டுவாராயின், குறை அங்கே உண்டு என்பது உறுதி. மூன்றாவது கடமை, ஆராய்ந்து தேர்தல். எல்லாருடைய சொல்லையும் ஏற்று எல்லாவற்றையும் மாற்றுபவன், இறுதியில் எவருடைய பொறியையும் செய்யாதவன் ஆவான்.

பிக்ஸார் என்னும் திரைப்பட நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான எட் கேட்மல், 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தம் நிறுவனத்து வழக்கம் ஒன்றை விவரித்துள்ளார். உருவாகி வரும் படத்தை அந்நிறுவனத்துத் தோழர் குழு ஒன்று பார்த்து, குறைகளை ஒளிவு மறைவின்றி எடுத்துரைக்கும். ஆனால் ஆணையிடும் அதிகாரம் அக்குழுவுக்கு இல்லை. கேட்டதில் எதைக் கொள்வது, எவ்வாறு திருத்துவது என்பதை இயக்குநரே முடிவு செய்வார். அதிகாரம் இன்மையே அக்குழுவின் ஆற்றல். அஞ்ச வேண்டியவர் எவரும் இல்லாத இடத்தில்தான் செவி திறக்கிறது.

"ஆசிரியர் இருக்கும்போது தோழர் எதற்கு?" என்னும் வினாவுக்கு இதிலேயே விடை இருக்கிறது. ஆசிரியர் மதிப்பெண் இடுபவர். அவர் ஒன்று கூறினால் மாணவன் அதனை ஆணையாகக் கொள்கிறான். பேச்சு அங்கே முடிகிறது. தோழன் ஒன்று கூறினால், "அப்படியா? எங்கே? மீண்டும் இயக்குகிறேன், பார்" என்கிறான், பேச்சு அங்கே தொடங்குகிறது. வழி காட்ட ஆசிரியர் வேண்டும். வழியில் உள்ள கல்லைக் காட்டத் தோழர் வேண்டும்.

"குறை கூறினால் புதிதாகப் பயில்பவன் மனம் வாடுமே" என்று இரங்குவோரும் உளர். அவர் இரக்கம் நல்லதே. ஆனால் மனத்தைப் புண்படுத்துவது குறை கூறுதல் அன்று. செய்த பொருளை விட்டுச் செய்தவனைக் கூறுதல். "கை திக்கியது" என்பது பொறியைப் பற்றிய சொல். "உனக்குத் திறமை போதாது" என்பது ஆளைப் பற்றிய சொல். முன்னதைக் கேட்டவன் அரத்தைக் கையில் எடுக்கிறான். பின்னதைக் கேட்டவன் பொறியையே மூலையில் எறிகிறான். பொய்ப் புகழோ இரண்டினும் கொடிது. அதனை நம்பியவன் குறையுள்ள பொறியை அயலார் முன் கொண்டுசெல்வான். தோழன் அன்போடு கூறியிருக்கக்கூடியதை அயலார் நகைப்போடு கூறுவர்.

இஃது ஒரு விளையாட்டுப் பொறியைப் பற்றிய பேச்சுத்தானே என்று எண்ண வேண்டா. வயிற்றின் உட்புறத்தைக் காண்பதற்கு மருத்துவர் வாய்வழியே செலுத்தும் உள்நோக்குக் குழாயின் நுனியும், பொறிக்கையைப் போலவே இழுகம்பிகளால்தான் வளைக்கப்படுகிறது. பொறிக்கை திக்கினால் காட்சி கெடும். அக்குழாய் திக்கினால் நோயாளியின் உடல் வருந்தும். பள்ளியில் நண்பனிடம் "கம்பி தெரிகிறது" என்று சொல்லக் கூசியவன், நாளை பணிமனையில் உடன் உழைப்பவனிடம் "இவ்விடம் திக்குகிறது" என்று சொல்லத் துணிவானா? அச்சொல்லை இன்று கேட்கப் பழகாதவன் நாளை கேட்பானா? கண்டதைக் கண்டவாறு கூறும் துணிவும், கூறியதைக் கேட்டு ஆராயும் பொறுமையும் ஒரே நாளில் வருவன அல்ல. இளமையில் பழகி வருவன.

குறை காட்டுபவனுக்கும் இதனால் ஊதியம் உண்டு. பிறன் பொறியில் அடியும் நுனியும் ஒருங்கே அசைவதைக் காணக் கற்றவன், தன் பொறியை இயக்கும்போதும் அதனையே தேடுவான். அவன் உள்ளத்துப் பொருள் அவன் கண்ணை முன்போல் மறைக்காது.

மாணவர்களே! உங்கள் தோழன் தான் செய்த ஒன்றை உங்கள்முன் கொண்டுவந்து வைக்கும்போது, அவன் உங்கள் கண்ணை இரவலாகக் கேட்கிறான் என்று உணருங்கள். "நன்று" என்று சொல்லி அவனை வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள். இன்னும் ஒரு முறை இயக்கச் சொல்லுங்கள், கூர்ந்து நோக்குங்கள், எங்கே, எப்பொழுது, என்ன கண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். திருத்தும் வேலையை அவனிடமே விட்டுவிடுங்கள். நாளை உங்கள் பொறியை நீங்கள் கொண்டுவரும்போது, அவ்வுதவியை அவன் உங்களுக்குத் திரும்பச் செய்வான்.